பணம் யார் கையில்?

வந்தவாசின்னா எல்லாரும் 1760 போரைத்தான் தேடுவாங்க. இந்தத் தடவை நான் தேடினது வேற சண்டை.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பராமரிப்பு இல்லம். அங்கிருந்த மாற்றுத்திறனாளிகள் சிலர் 1979 வாக்கில் ஒன்றுசேர்ந்து கேட்டது இதுதான்: எங்களுக்காக கவுன்சில் இல்லத்துக்குக் கட்டும் பணத்தை எங்களிடமே கொடுங்கள், வெளியே வீடு பார்த்து, உதவியாளரை நாங்களே வைத்துக்கொள்கிறோம். எத்தனை மணிக்கு எழுவது, யார் குளிப்பாட்டுவது என்பதெல்லாம் எங்கள் முடிவு. ஆனால் 1948 சட்டப்படி கவுன்சில் ரொக்கமாகத் தரக்கூடாது. அதனால் பணத்தை இல்லத்துக்கே அனுப்பி, அங்கிருந்து இவர்கள் கைக்கு மாற்றினார்கள்! அவர்களில் ஒருவரான ஜான் எவன்ஸ் 1983-ல் வெளியே குடிபோனார். நேரடியாகப் பணம் தரும் சட்டம் வந்தது 1996-ல்தான்.

நம்ம பக்கம் கதை தலைகீழ். கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருது. பணம் அவங்க கைக்கே வருது, சரி. ஆனா ஒருத்தருக்கு தினம் எத்தனை மணி நேரம் ஆள் உதவி வேணும்னு கணக்குப் போட்டு வந்த தொகை இல்ல அது. லெ கோர்ட்காரர்கள் கேட்டது அந்த மணிக்கணக்குக்கான பணம். 2016 மத்திய சட்டத்தின் 24-ஆம் பிரிவில் பராமரிப்பாளர் படியும் இருக்கு. வந்தவாசியில ஒரு ஆளுக்கு நாள் கூலி என்னன்னு விசாரிச்சுட்டு, 2,000 எத்தனை நாளைக்கு வரும்னு வகுத்துப் பாருங்க.