தாயில்பட்டியில் சொந்த வீடு... கடனுக்கு முன்னாடி கேட்க வேண்டிய பணம் எது?

அம்மாவோ அப்பாவோ பட்டாசு ஆலைக்குப் போறாங்க. சனிக்கிழமை சம்பளம். இருக்கிறது வாடகை வீடு, இல்லைன்னா மழைக்கு ஒழுகுற ஓட்டு வீடு. 'ஒரு வீட்டைக் கட்டிப்புடணும்'ங்கிற பேச்சு ஒவ்வொரு தீபாவளி போனஸ் நேரத்திலும் வரும். பொங்கலுக்குள்ள அடங்கிடும். தாயில்பட்டி, வெற்றிலையூரணி, விஜயகரிசல்குளம் என வெம்பக்கோட்டை வட்டாரம் முழுக்க இந்தப் பேச்சு இல்லாத தெரு குறைவு.

சிக்கல் ஆசையில் இல்லை, கணக்கில் இருக்கு. கூலி வாரக் கணக்கு. இஎம்ஐ மாசக் கணக்கு. தீபாவளி முடிஞ்சதும் ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். மழை பிடிச்சா வேலை நிக்கும். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு, வேலை நாள் இன்னும் நிச்சயமில்லாததா ஆகிடுச்சு. இதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. தேதி வந்தா தவணை போயாகணும்.

அதனால ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. வீட்டுக்கான பணத்துக்கு ஒரு வரிசை இருக்கு. முதலில், திருப்பித் தர வேண்டாத அரசு உதவி. அடுத்து, உங்க வீட்டுப் பணமான பி.எஃப். கடைசியாத்தான் கடன். நம்ம ஊர்ல பெரும்பாலும் இது தலைகீழா நடக்குது. வீட்டில் போனைக் கையில் வச்சிருக்கிறது நீங்கதான். அதனால இந்த வேலையும் உங்களோடதுதான்!

முதல்ல பட்டா

எந்த உதவியா இருந்தாலும் முதல் கேள்வி, 'மனை யார் பேர்ல இருக்கு?' என்பதுதான். தாத்தா பேரில் இருக்கும் பட்டாவை வச்சு பேரன் வீடு கட்ட உதவி வாங்குறது கஷ்டம். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் ஆகியவற்றை முதலில் முடிங்க. பட்டா விவரத்தைத் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலும் போனிலேயே பார்க்கலாம்.

மனையே இல்லையா? வீடும் நிலமும் இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு வருவாய்த்துறை இலவச வீட்டுமனைப் பட்டா தருது. வெம்பக்கோட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமைகளில் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். மனு எண்ணைப் பத்திரமா வைங்க. இப்படிக் கிடைக்கும் பட்டாவில் நிபந்தனைகள் இருக்கும். நினைச்ச நேரத்தில் விற்க முடியாது. அதே காரணத்துக்காக, அடுத்தவருக்குக் கிடைச்ச இலவச மனையை வெறும் எழுத்து ஒப்பந்தத்தில் வாங்காதீங்க.

காசு கொடுத்து மனை வாங்கினால், அது அனுமதி பெற்ற மனைதானா என்று பாருங்க. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட அனுமதியில்லாத மனைப்பிரிவுகளுக்கு வரன்முறை கிடையாது. வீட்டுக் கடனும் கிடைக்காது. இன்னொண்ணு, நம்ம பகுதிக்கே உரியது: பக்கத்தில் பட்டாசு ஆலையோ வெடிமருந்துக் கிடங்கோ இருக்கான்னு சுத்திப் பார்த்துட்டு வாங்குங்க. 2008 வெடிபொருள் விதிகள், ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளி கேட்குது.

கலைஞரின் கனவு இல்லம்

குடிசையில் இருக்கும் கிராமக் குடும்பங்களுக்கான மாநில அரசுத் திட்டம் இது. 2024 பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். வீடு குறைந்தது 360 சதுர அடி இருக்கணும். அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குக் கூரை உங்க விருப்பம், ஆனா ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது.

சொந்த மனை, பட்டா, குடிசையில் குடியிருப்பது ஆகியவைதான் அடிப்படைத் தகுதி. வேறு இடத்தில் கான்கிரீட் வீடு இருந்தால் கிடைக்காது. ஏற்கெனவே எடுத்த கணக்கெடுப்புப் பட்டியலில் இருந்துதான் ஆளைத் தேர்வு செய்றாங்க. 'எங்க போய் விண்ணப்பிக்கிறது?' என்பதைவிட, 'பட்டியலில் எங்க பேர் இருக்கா?' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஊராட்சி அலுவலகத்திலும், வெம்பக்கோட்டை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் கேளுங்க.

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம்

2016-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். வீட்டின் அடிப்படைத் தொகை 1.20 லட்சம் ரூபாய். இதை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பகிர்ந்துக்கிறாங்க. தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு இன்னும் 1.20 லட்சம் சேர்த்துத் தருது. ஆக 2.40 லட்சம். கழிப்பறைக்கு 12,000 ரூபாய் தனி. வீட்டின் அளவு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. மேலும் 2 கோடி வீடுகள் கட்ட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது 2029 வரைக்கும்.

வீடு, குடும்பத் தலைவி பேரிலோ கணவன், மனைவி இருவர் பேரிலோ ஒதுக்கப்படும். பணம் மொத்தமா வராது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என ஒவ்வொரு கட்டமா போட்டோ எடுத்துப் பதிஞ்ச பிறகு நேரா வங்கிக் கணக்குக்கு வரும். ஒரே குடும்பத்துக்கு இந்த இரண்டு திட்டமும் சேர்த்துக் கிடைக்காது.

இரண்டு திட்டத்துக்கும் கிராம சபை முக்கியம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள் கூடுது. பட்டியலை வாசிக்கச் சொல்லுங்க. விடுபட்டிருந்தால் அங்கேயே எழுதிக் கொடுங்க. பேர் சேர்க்க யாராவது 'செலவு' கேட்டால், அது லஞ்சம். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் செய்யலாம்.

பழைய அரசு வீடு இருந்தால்..?

2000-01-க்கு முன்பு அரசுத் திட்டத்தில் கட்டிய தொகுப்பு வீடா? கூரை பெயர்ந்து கம்பி தெரியுதா? அதைப் பழுது பார்க்க ஊரக வீடுகள் சீரமைப்புத் திட்டம்னு தனியா ஒண்ணு இருக்கு. புது வீடுதான் வேணும்னு காத்திருக்கும் முன்னாடி, இதை ஒன்றிய அலுவலகத்தில் விசாரிங்க.

வீட்டில் கொத்தனார், சித்தாள், பெயின்டர் யாராவது இருக்காங்களா? கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பண்ணி, தொடர்ந்து புதுப்பிச்சு வந்தவங்களுக்கு, சொந்த மனையில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை உதவி இருக்கு. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கும் தனி நல வாரியம் இருக்கு. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து ஆகியவற்றுக்கு அதில் உதவி கிடைக்கும். வீட்டுக்குன்னு சேர்த்த பணத்தை உடைக்காம இருக்க அது கை கொடுக்கும். உங்க வீட்டில் பதிவு செய்ய முடியுமான்னு தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்க.

டவுன்ல வாங்கினா வேற கணக்கு

தாயில்பட்டி ஊராட்சி என்பதால் இங்கே ஊரகத் திட்டங்கள்தான். சிவகாசி மாநகராட்சியிலோ சாத்தூர் நகராட்சியிலோ வீடு வாங்கினால், 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைப் பாருங்க. சொந்த மனையில் கட்ட 2.5 லட்சம் ரூபாய் உதவி ஒரு வகை. வட்டி மானியம் இன்னொரு வகை.

வட்டி மானியத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்கணும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்கணும். நாட்டில் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவிகித வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து தவணையா வரும். கோவையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துக்கிட்டு ஊர்ப்பக்கம் டவுனில் வீடு தேடுறவங்களுக்கு இது பொருந்தும்.

மறந்துபோன பி.எஃப்

பட்டாசு ஆலைகளில் பி.எஃப் பிடிக்கிறாங்க. ஆனா ஆலை மாறும்போதெல்லாம் புது எண் விழுந்து, பழைய பணம் தூங்கிக்கிட்டு இருக்கும். ஆதாரில் 'மாரியம்மாள்', பி.எஃப்-ல் 'மாரியம்மா' என்று இருந்தாலே போதும், பணம் எடுக்க முடியாம நின்னுடும். உங்க அம்மா அப்பாவோட யுஏஎன் எண்ணை ஆக்டிவேட் பண்ணி, ஆதாரோடு இணைச்சு, பழைய கணக்குகளை ஒண்ணாக்கிக் கொடுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தா தொடங்கிடலாம்.

மனை வாங்கவும் வீடு கட்டவும் பி.எஃப் முன்பணம் எடுக்கலாம். இதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். வட்டியும் இல்லை. ரொம்ப காலமா இதுக்கு ஐந்து வருஷ உறுப்பினர் காலம் தேவையா இருந்தது. 2025 அக்டோபரில் கூடிய மத்திய அறங்காவலர் குழு, 12 மாத சேவை போதும், கணக்கில் 25 சதவிகிதம் மிச்சம் இருக்கணும் என்று விதியைத் தளர்த்த முடிவெடுத்தது. முடியும்கிறதுக்காக மொத்தத்தையும் வழிக்க வேண்டாம். வயசான காலத்துக்கு அவங்க கையில் இருக்கும் ஒரே பணம் பல வீட்டில் அதுதான்.

கடைசியா, கடன்

இவ்வளவுக்குப் பிறகும் எவ்வளவு குறையுதோ, அதுக்கு மட்டும் கடன். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டின் மதிப்பில் 90 சதவிகிதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மீதி 10 சதவிகிதம் உங்க கையில் இருக்கணும்.

ஊதியச் சீட்டு இல்லாதவங்களிடம் பொதுத்துறை வங்கிகள் தயங்கும். தனியார் வீட்டுக் கடன் நிறுவனங்கள் வீடு தேடி வரும். வித்தியாசம் வட்டியில் இருக்கு. 5 லட்சம் ரூபாய், 15 வருஷம். 9 சதவிகித வட்டின்னா மாசம் சுமார் 5,070 ரூபாய். 14 சதவிகிதம்னா சுமார் 6,660 ரூபாய். பார்க்க 1,600 ரூபாய் வித்தியாசம்தான். 15 வருஷத்தில் அது கிட்டத்தட்ட 2.85 லட்சம். இன்னொரு கனவு இல்லத் தொகைக்குப் பக்கத்தில் வந்துடுது!

அதனால கூலியைக் கையில் வாங்கினாலும் வங்கிக் கணக்கில் போட்டு எடுக்கும் பழக்கத்தை இப்பவே தொடங்குங்க. ஒரு வருஷ வரவு செலவு தெரிஞ்சா, பொதுத்துறை வங்கியிலோ மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலோ பேச ஒரு பிடி கிடைக்கும். கடன் கொடுக்கும் முன் வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையைத் தரணும். 2024 அக்டோபரிலிருந்து இது கட்டாயம். அதைக் கேட்டு வாங்கிப் படிங்க. மாறும் வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைச்சா அபராதம் கிடையாது.

கடன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை பாருங்க. இஎம்ஐ தொகையில் கால் பங்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் தனிக் கணக்கில் போடுங்க. ஆலை பூட்டியிருக்கும் மாசத்தையும் சேர்த்து ஒரு வருஷம். தாக்குப் பிடிச்சா கடன் வாங்கலாம். இல்லைன்னா கடன் தொகையைக் குறைங்க. எப்படியும் அந்தப் பணம் உங்ககிட்டதான் இருக்கும்.

பத்திரச் செலவையும் சேருங்க

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 5 லட்சம் ரூபாய் மனைன்னா 45,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிஞ்சா பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறையும். அம்மா பேரில் வாங்கினா 5,000 ரூபாய் மிச்சம். கட்டட அனுமதியும் லேசாகிடுச்சு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, 2024 ஜூலை முதல் இணையத்தில் சுயசான்று முறையில் அனுமதி வாங்கலாம்.

லிண்டலோடு நின்ன வீடுகள்

ஊரைச் சுத்தி வந்தா, லிண்டல் மட்டத்தோடு நின்னு செடி முளைச்ச வீடுகளைப் பார்க்கலாம். அரசுத் தொகைக்கு ஏத்த அளவை விட்டுட்டு, 'கட்டுறதுதான் கட்டுறோம், கொஞ்சம் பெருசா' என்று அஸ்திவாரம் போடுவதில்தான் பல நேரம் இது தொடங்குது. அடுத்த தவணை வர தாமதமாகும்போது மகளிர் குழுக் கடன், அப்புறம் வார வட்டி. தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு. ஆனா பாதிச் சுவரோடு நிக்கிற குடும்பத்துக்குச் சட்டம் ஞாபகம் வராது. 360 சதுர அடியை முதலில் முடிங்க. மாடிப்படிக்கு இடம் விட்டு வைங்க. மேல அப்புறம் எடுக்கலாம்.

கட்டி முடிச்ச வீட்டில் ஒரு விஷயத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீங்க. 'சும்மாதானே இருக்கு, ஒரு ரூம்ல வெடி உருட்டிக்கிறோம்' என்று யாராவது வருவாங்க. தவணை கட்ட அந்தக் காசு உதவுமேன்னு தோணும். 2021 ஜூனில் இதே தாயில்பட்டியில் வீட்டில் வைத்துப் பட்டாசு தயாரித்தபோது வெடித்து உயிர்கள் போச்சு. உரிமம் இல்லாத தயாரிப்பு குற்றம். அப்படி எரிஞ்ச வீட்டுக்குக் காப்பீட்டுப் பணமும் எதிர்பார்க்க முடியாது. கடன் மட்டும் மிச்சம் இருக்கும்.

கடன் முடிஞ்சதும் 30 நாளுக்குள் அசல் பத்திரத்தை வங்கி திருப்பித் தரணும். அவங்க தரப்பில் தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கைக்கு வந்ததும் வில்லங்கச் சான்றில் கடன் நீங்கியிருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

இந்த வாரம் செய்ய மூணு வேலை: பட்டாவில் யார் பேர் இருக்குன்னு பாருங்க. அம்மா அப்பாவோட யுஏஎன் எண்ணைக் கண்டுபிடிங்க. அடுத்த கிராம சபைத் தேதியைப் போனில் அலாரம் வைங்க. மூணுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் செலவில்லை.