பருவூசிக் குழிவு

முகத்தில் ஆழமாகக் கிளம்பிக் கட்டிபட்டு வலிக்கும் பெரும் பருக்களை வற்றச் செய்யும் பொருட்டு, டிரையாம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு ஔஷதத்தைப் பருவினுள் நேரே செலுத்தியபின், சில வாரங்களில் அவ்விடத்துச் சருமம் மெலிந்து உள்வாங்குவதால் தோன்றும் பள்ளம். அழற்சியைத் தணிக்கும் அதே மருந்து, கொலாஜன் உற்பத்தியைத் தடுத்து, தோலடிக் கொழுப்பையும் மெலியச் செய்வதே இதற்குக் காரணமாகும்; செறிவோ அளவோ மிகுந்தாலும், ஊசி பருவைத் தாண்டிக் கொழுப்புப் படலத்தில் இறங்கினாலும் அபாயம் அதிகமாதலின், மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் அளவுக்கு நீர்த்த மருந்தைச் சொற்பமாகச் செலுத்துவதே முகத்துக்கு உசிதம். பக்கவாட்டு வெளிச்சத்தில் துலங்கும் இக்குழிவில் சில சமயம் நிறம் வெளிறி, நுண்ணிய இரத்த நாளங்களும் புலப்படும். தேங்கிய மருந்துத் துகள்கள் காலக்கிரமத்தில் கரைய, பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதங்களுக்குள் பள்ளம் தானாகவே நிரம்பும். தாமதமானால் உப்புநீர் ஊசி பயன்படும். குழிவு மறையும்வரை அவ்விடத்தில் மீண்டும் ஸ்டீராய்டு ஊசி போடலாகாது.