சீலியாக் நோய்

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் புரதத்தால் தூண்டப்பட்டு, நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலைச் சிதைக்கும் தன்னெதிர்ப்பு நோய். மரபுச் சாய்வு உள்ளவர்களுக்கே இது வருகிறது.

1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இதைத் தெளிவாக விவரித்தார். காரணத்தை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்த அவர், தம் முடிவுகளை 1950-இல் ஆய்வேடாக்கினார்.

முழுதும் செரிக்காத குளூட்டன் துணுக்குகளைத் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி மாற்றியமைக்கிறது. எச்.எல்.ஏ. டிகியூ2 அல்லது டிகியூ8 மூலக்கூறுகள் அவற்றைப் பிடித்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி-செல்களுக்குக் காட்ட, அழற்சி மூள்கிறது. குடலுறிஞ்சிகள் தட்டையாகின்றன, இரும்பும் கால்சியமும் கொழுப்பும் உடலில் சரியாகச் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, இரத்தசோகை, எடை ஏறாமை ஆகியவை குழந்தையிடம் தெரியும் அடையாளங்கள். ஆனால் டிகியூ2, டிகியூ8 மூலக்கூறுகளுக்கான மரபணு இருக்கும் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

செவிலியர் மறக்கக் கூடாதது: நோயறியும் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முடிவு பொய்க்கும். ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் குறைபாடுள்ள குழந்தைக்கு, அதைத் தேடும் வழக்கமான இரத்தச் சோதனையும் ஏமாற்றிவிடும்.

வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் கொடுக்கலாம். ரவை, மைதா, கோதுமைச் சேமியா கூடாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு என்பதைத் தாய்க்குச் சொல்ல வேண்டும்.