கேள்விகளுக்கு ஆகும் நேரம்: சிங்கப்பூர்க் கணக்கெடுப்பின் ஒரு பக்கம்

சிங்கப்பூரில் 1871 முதல் 1931 வரை பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்று, போரினால் தடைப்பட்டு, 1947இல் மீண்டும் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒரு குடும்பத்திடம் கேள்விகளைக் கேட்டு முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற மதிப்பீடே எத்தனை கணக்கெடுப்பாளர்கள் தேவை என்பதை முடிவுசெய்யும் அடிப்படைகளுள் ஒன்றாகும். சிராங்கூன் சாலையின் கடைவீடுகளைப் போல, ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்களும் தனியாட்களும் வாடகைக்குக் குடியிருந்த இடங்களில், யார் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று பிரித்தறிவதற்கே நேரம் தேவைப்பட்டிருக்கும். படிவத்தின் கேள்வியைத் தமிழிலோ மலாயிலோ சீனக் கிளைமொழியிலோ விளக்கிக் கேட்க வேண்டியிருந்தால் அந்த நேரம் இன்னும் நீண்டிருக்கும். இந்தச் சுமையைத் துணிவுடன் குறைத்தது 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே: அடிப்படை விவரங்கள் அரசுப் பதிவேடுகளிலிருந்து பெறப்பட்டதால், விரிவான கேள்விகள் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 20 விழுக்காட்டுக் குடும்பங்களிடம் மட்டுமே, இணையம், தொலைபேசி, நேர்காணல் ஆகிய மூன்று வழிகளில் கேட்கப்பட்டன. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தகைய மாதிரிக்கு ஏறத்தாழ 1,50,000 குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

பொதுவாகக் கேள்விகளுக்கு ஆகும் நேரத்தை மதிப்பிட, சிறு குழுவிடம் படிவத்தை முன்கூட்டியே கொடுத்துப் பார்க்கும் முன்னோட்ட ஆய்வு உதவுகிறது. ஆயினும் இணையப் படிவத்தைத் திறந்துவைத்துவிட்டு வேறு வேலைக்குச் செல்லும் ஒருவரே சராசரி நேரத்தை வெகுவாக உயர்த்திவிடுவதால், நேரங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுக்கும் இடைநிலை அளவே பங்கேற்பாளருக்கு நேர்மையான மதிப்பீட்டைத் தருகிறது.