இருநூறு வயது குறைந்த தேவாலயம்

எங்க ஊர்க் கோயில் எவ்வளவு பழசு என்று யாராவது கேட்டால், கூசாமல் "ரெண்டாயிரம் வருஷம்" என்பேன். கிரீன்ஸ்டெட் கதையைப் படித்த பிறகு கொஞ்சம் யோசிக்கிறேன்.

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் இருக்கும் சின்ன கிராம தேவாலயம் அது. கூடத்தின் சுவர் கல் இல்லை. ஓக் மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். வளைந்த பக்கம் வெளியே, தட்டைப் பக்கம் உள்ளே. முதலில் மண்ணிலேயே நட்டிருந்தார்கள். அடி உளுத்துப் போனதால், 1848-இல் அதை வெட்டிவிட்டு, செங்கல் மேடைமேல் தூக்கி வைத்தார்கள். பலிபீடப் பகுதி பின்னாளில் செங்கல்லில் கட்டியது.

1960-இல் மர வளையங்களை எண்ணி, கி.பி. 845 என்றார்கள். ஊருக்கே பெருமை! 1995-இல் மறுபடி ஆராய்ந்தபோது, மரங்கள் வெட்டப்பட்டது 1063-க்கு முன்னால் இருக்க முடியாது என்று தெரிந்தது. இருநூறு வருஷம் போச்சு...

ஆனால் தேவாலயம் எங்கும் போய்விடவில்லை. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. ஐரோப்பாவில் நிற்கிற மரத் தேவாலயங்களில் மிகப் பழையது என்ற பெயரும் அதற்கே.

அடுத்த முறை லீவுக்கு ஊருக்குப் போகும்போது பையன் கேட்பான். "வா, கல்வெட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் போகிறேன்.