அரசரின் நோய்க்குப் பெயர் என்ன?

இங்கிலாந்தை 1760 முதல் 1820 வரை அறுபது ஆண்டுகள் ஆண்டவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னர். அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்தவர் என்றும், மனநிலை பிறழ்ந்தவர் என்றும் அவரைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, புத்தி தடுமாறியதால்தான் அவர் அமெரிக்காவை இழந்தார் என்று எண்ணுவோரும் உண்டு. அது தவறு. அமெரிக்காவின் விடுதலையைப் பிரிட்டன் ஒப்புக்கொண்டது 1783-ஆம் ஆண்டில். அரசரைப் பெரும் நோய் பற்றியதோ 1788-ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

அந்த நோயையே கதைப் பொருளாகக் கொண்டு 1994-ஆம் ஆண்டில் ‘தி மேட்னெஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. ஆலன் பென்னட் 1991-இல் எழுதிய நாடகத்தை நிக்கலஸ் ஹைட்னர் படமாக்கினார். அரசராக நைஜல் ஹாத்தார்னும் அரசியாக ஹெலன் மிர்ரனும் நடித்தனர். சிறந்த கலை அமைப்புக்கான ஆஸ்கார் விருது இப்படத்துக்குக் கிடைத்தது. படம் முடியும்போது திரையில் ஒரு குறிப்பு தோன்றுகிறது. அரசரின் சிறுநீர் நிறத்தைக் கொண்டு பார்த்தால், அவரைப் பீடித்தது போர்ஃபிரியா என்னும் உடல் நோயாக இருக்கலாம் என்பது அதன் கருத்து. படம் பார்த்தவர்களில் மிகப் பலர் இதையே முடிந்த முடிவாக ஏற்றுக்கொண்டனர்.

அது முடிந்த முடிவுதானா? இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் நோயை இன்று எப்படிக் கண்டறிகிறார்கள்? இக்கேள்விகளைச் சற்று ஆராய்வோம்.

நோய் வந்த விதம்

1788-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரசருக்குக் கடுமையான வயிற்றுவலி கண்டது. செல்ட்டன்ஹாம் என்னும் ஊரின் ஊற்றுநீரைக் குடித்தால் நலமாகும் என்று மருத்துவர்கள் கூற, அவரும் சென்று வந்தார். அக்டோபரில் வலி திரும்பியது. நவம்பரில் நிலைமை முற்றிவிட்டது. தூக்கம் அறவே போயிற்று. குரல் கம்மிப் போகும் வரை ஓயாமல் பேசினார். ஒரு செய்தி முடியுமுன் மற்றொன்றுக்குத் தாவினார். அருகில் இருந்தவர்கள் மீது சீறினார்.

அக்கால மருத்துவர்கள் கையாண்ட முறைகளை எண்ணிப் பாருங்கள். உடல் வெப்பத்தைக் கருவி கொண்டு அளக்கும் வழக்கம் இல்லை. குருதியைச் சோதிக்கும் வேதியியலும் இல்லை. நாடி பார்ப்பார்கள், மலத்தையும் சிறுநீரையும் கண்ணால் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அரசர் முதலில் வாய் திறவாமல் பிறர் அவரிடம் பேசக் கூடாது என்ற அரண்மனை மரபு வேறு இருந்தது. நோயாளியிடம் கேள்வி கேட்கவே தயங்கும் மருத்துவர் நோயை எப்படி அறிவார்?

மருந்தோ நோயைவிடக் கொடியது. கால்களில் காரமான பற்றுப் போட்டுக் கொப்புளம் எழுப்பினார்கள். உள்ளிருக்கும் கெட்ட நீர் அதன் வழியே வெளியேறும் என்பது அவர்கள் நம்பிக்கை. வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்தார்கள்.

டிசம்பர் மாதம் பிரான்சிஸ் வில்லிஸ் என்பவர் அழைக்கப்பட்டார். பாதிரியாராக இருந்து மருத்துவரானவர் அவர். லிங்கன்ஷயரில் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி நடத்தி வந்தார். அரசர் அடங்க மறுத்தபோது, கைகளை அசைக்க முடியாதபடி உடலோடு சேர்த்துக் கட்டும் சட்டையை அவருக்கு அணிவித்தார். நாற்காலி ஒன்றில் உட்கார வைத்துக் கட்டினார். அந்த நாற்காலியை அரசர் தம் ‘முடிசூட்டு நாற்காலி’ என்று கசப்புடன் குறிப்பிட்டாராம். முடிசூட்டு விழாவுக்கென ஹாண்டல் அமைத்த இசை பின்னணியில் முழங்க, அரசரை நாற்காலியில் வைத்துக் கட்டும் காட்சி படத்தில் உள்ளத்தை உலுக்கும் இடம்.

அரசியலும் நோயும்

அரசரின் நோய் அரண்மனையோடு நிற்கவில்லை. பிரதமர் இளைய பிட் அரசரின் ஆதரவால் பதவியில் இருந்தவர். எதிர்க்கட்சித் தலைவர் ஃபாக்ஸ் இளவரசரின் நண்பர். ஃபாக்ஸ் 1783-இல் கொண்டுவந்த இந்திய மசோதாவைப் பிரபுக்கள் சபையில் தம் செல்வாக்கால் தோற்கடித்து, அந்த அமைச்சரவையையே வீட்டுக்கு அனுப்பியவர் இதே அரசர். இப்போது இளவரசர் அரசப் பிரதிநிதியானால் பிட் போவார், ஃபாக்ஸ் வருவார்.

ஆகவே, அரசர் குணமடைவாரா என்ற மருத்துவக் கேள்வி அரசியல் கேள்வியாகிவிட்டது. இளவரசருக்கு வேண்டியவரான ரிச்சர்ட் வாரன் என்ற மருத்துவர் நம்பிக்கையில்லை என்றார். வில்லிஸ் குணமாகும் என்று உறுதி கூறினார். நாடாளுமன்றக் குழு மருத்துவர்களை அழைத்து விசாரித்தது. 1789 பிப்ரவரியில் அரசப் பிரதிநிதி மசோதா காமன்ஸ் சபையில் நிறைவேறிப் பிரபுக்கள் சபைக்குச் சென்றது. அது சட்டமாகும் முன்பே அரசர் தெளிவடைந்துவிட்டார்.

படத்தில் அரசர் நாடாளுமன்றத்துக்கு விரைந்து சென்று, தாம் நலமுடன் இருப்பதை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார். வரலாற்றில் அப்படி நடக்கவில்லை. அரசர் தேறி வருகிறார் என்ற அறிவிப்பே போதுமானதாயிற்று. ஏப்ரல் 23-ஆம் நாள் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நன்றி வழிபாடு நடைபெற்றது. படமும் அந்த வழிபாட்டோடு முடிகிறது.

நோயின் கதை அங்கு முடியவில்லை. 1801-இலும் 1804-இலும் அது மீண்டும் தலைகாட்டியது. 1810-இல் அவருடைய அன்பு மகள் அமீலியா இறந்த சமயத்தில் வந்த நோய் பின்பு அகலவே இல்லை. 1811-இல் இளவரசர் அரசப் பிரதிநிதியானார். கண் பார்வை இழந்து, செவியும் மங்கி, வின்ட்ஸர் கோட்டையில் பல ஆண்டுகள் தனித்து வாழ்ந்த அரசர் 1820 ஜனவரி 29-இல் காலமானார்.

போர்ஃபிரியா என்பது யாது?

நம் குருதிக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். அதன் உள்ளே இரும்பணுவைத் தாங்கி நிற்கும் பகுதிக்கு ஹீம் என்று பெயர். எலும்பு மஜ்ஜையிலும் ஈரலிலும் ஹீம் உருவாகிறது. ஒரே வீச்சில் அது உருவாவதில்லை. எட்டுப் படிகளைக் கடந்து உருவாகிறது. ஒவ்வொரு படியையும் நடத்தித் தர ஒரு நொதி உண்டு.

நெசவுக்கூடம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வரிசையாக வேலை செய்கிறார்கள். நடுவில் ஒருவர் மட்டும் மிக மெதுவாக வேலை செய்தால் என்ன ஆகும்? அவருக்கு முன்னால் அரைகுறைச் சரக்கு குவிந்துவிடும் அல்லவா? பிறவியிலேயே ஒரு நொதி குறைவுபட்டால், ஹீம் ஆவதற்கு முந்திய பொருள்கள் அவ்வாறே உடலில் தேங்குகின்றன. இதுவே போர்ஃபிரியா. கிரேக்க மொழியில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. தேங்கிய பொருள்கள் சிறுநீரில் வெளியேறும்போது, அச்சிறுநீர் வெளிச்சத்தில் சிறிது நேரம் இருந்தால் கருஞ்சிவப்பாக மாறும்.

இந்நோயில் பல வகைகள் உண்டு. கடும் வகைகளில் தாங்க முடியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், நாடித் துடிப்பு மிகுதல், கை கால் தளர்ச்சி, தூக்கமின்மை, மனக் குழப்பம் ஆகியவை தோன்றும். சில நாட்களிலோ வாரங்களிலோ தணிந்து, நோயாளி பழைய நிலைக்குத் திரும்புவார். சில மருந்துகள் நோயைத் தூண்டிவிடுவதும் உண்டு.

இந்தப் பட்டியலையும் அரசரின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள் ஐடா மெக்கால்பைன், ரிச்சர்ட் ஹன்ட்டர் என்னும் மனநல மருத்துவர்கள். இவர்கள் தாயும் மகனும் ஆவர். 1966-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர்கள் ஒரு கட்டுரை எழுதி, அரசருக்கு வந்தது பைத்தியம் அன்று, போர்ஃபிரியாவே என்று வாதிட்டனர். பிறகு அரச பரம்பரையில் வேறு பலருக்கும் இந்நோய் இருந்ததாகக் கூறினர். வயிற்றுவலியும் வேகமான நாடியும் நிறம் மாறிய சிறுநீரும் ஒன்றுசேர, வாதம் வலிமையாகத் தோன்றியது. 1994-ஆம் ஆண்டுப் படம் அதை உலகெங்கும் பரப்பியது.

சான்றுகள் என்ன சொல்கின்றன?

2005-ஆம் ஆண்டில் மற்றொரு செய்தி வந்தது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அரசரின் தலைமுடியைச் சோதித்தபோது, அதில் ஆர்செனிக் என்னும் நஞ்சு மிக அதிகமாக இருந்தது. அரசருக்குக் கொடுத்த ஆன்டிமனி கலந்த மருந்தில் இந்த நஞ்சும் கலந்திருக்கலாம் என்றும், அது போர்ஃபிரியாவைத் தூண்டியிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கூறினர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முடியில் ஆர்செனிக் இருந்தது என்பது சோதனையில் கண்ட உண்மை. போர்ஃபிரியா இருந்தது என்பது அதன்மேல் எழுப்பிய ஊகம்.

2010-ஆம் ஆண்டில் டிமொத்தி பீட்டர்ஸும் அவருடைய துணை ஆய்வாளரும் மருத்துவக் குறிப்புகளைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தனர். முந்திய ஆய்வாளர்கள் தங்கள் கருத்துக்குப் பொருந்தும் குறிப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து, பொருந்தாதவற்றை விட்டுவிட்டனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. சிறுநீர் நிறம் மாறியதாகக் கூறும் குறிப்புகள் மிகச் சிலவே. நீல நிறச் சிறுநீருக்கு அரசர் அருந்திய ஜென்ஷியன் மூலிகை மருந்து காரணமாக இருக்கலாம் என்றும் சுட்டிக்காட்டினர். போர்ஃபிரியாவின் நிறம் கருஞ்சிவப்பு. நீலம் அன்று என்பதையும் இங்கு நினைவுகொள்வது நல்லது.

அப்படியானால் நோய் எது? ஓயாப் பேச்சு, உறக்கமின்மை, எண்ணங்கள் தாவியோடுதல், எளிதில் சினம் கொள்ளுதல், பின்பு தெளிவு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தாக்குதல். இவை இருமுனை மனநோயின் மிகையெழுச்சி நிலைக்கு நன்கு பொருந்துகின்றன. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அரசர் நோயுற்ற காலத்தில் எழுதிய கடிதங்களை நலமாக இருந்தபோது எழுதியவற்றோடு கணிப்பொறி கொண்டு ஒப்பிட்டது. இரண்டின் மொழிநடையிலும் தெளிவான வேறுபாடு தெரிந்தது. அந்த வேறுபாடு மிகையெழுச்சியோடு ஒத்துப்போவதாக ஆய்வாளர் கருதினர். இன்று அறிஞர் பலர் இப்பக்கமே சாய்கின்றனர். ஆயினும் கடிதம் நோயாளி ஆகாது. உயிரோடு இருப்பவரின் சிறுநீரை ஒரு சோதனைச் சாலைக்கு அனுப்பினால் போர்ஃபிரியா உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். மறைந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே இதையும் ‘பெரிதும் பொருந்தும் விளக்கம்’ என்ற அளவிலேயே கொள்ள வேண்டும்.

கௌரவமான நோய்

சான்று இவ்வளவு மெலிந்திருந்தும் போர்ஃபிரியாக் கதை நாற்பது ஆண்டுகள் எப்படிச் செல்வாக்கோடு வாழ்ந்தது? ‘பாவம், அரசர் பைத்தியம் இல்லை, அது வெறும் உடல் நோய்’ என்று சொல்வதில் நமக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. குருதியில் கோளாறு என்றால் கௌரவம் கெடுவதில்லை. மனத்தில் கோளாறு என்றால் தலைகுனிவு என்று எண்ணுகிறோம். நம் வீடுகளிலும் இப்படித்தானே? மனநோய் என்று சொல்லக் கூசி, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று உறவினரிடம் சொல்லிவைக்கிறோம். சொல்லை மாற்றிவிடலாம், ஆனால் நரம்புக்கு டானிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டே, உரிய மருத்துவத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு விடுகிறோம்.

மனம் என்பது மூளையின் செயல். மூளை உடலின் ஓர் உறுப்பு. ஆகவே உடல் நோய் உயர்ந்தது, மனநோய் தாழ்ந்தது என்ற பாகுபாட்டுக்கு அறிவியலில் இடமில்லை. மிகையெழுச்சியைத் தணிக்க லிதியம் உப்பு உதவும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் எடுத்துக்காட்டினார். மூன்றாம் ஜார்ஜ் இன்று வாழ்ந்திருந்தால் நாற்காலிக்கும் கட்டும் சட்டைக்கும் மாறாக, மாத்திரையும் குருதிச் சோதனையும் தொடர்ந்த கவனிப்பும் அவருக்குக் கிடைத்திருக்கும்.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. அரசர் நோயுறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1786 ஆகஸ்டில், மனு கொடுப்பது போல வந்த மார்கரெட் நிக்கல்சன் என்ற பெண் அவரைக் கத்தியால் குத்த முயன்றார். அப்பெண்ணைத் துன்புறுத்த வேண்டாம் என்று அரசர் தடுத்துவிட்டார். மனநோயாளி என்று முடிவு செய்யப்பட்டு அவர் லண்டன் பெத்லம் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1828-இல் இறக்கும் வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அரசரின் நோய்க்கு வேறு பெயர் தேடி எத்தனையோ அறிஞர்கள் ஏடுகளைப் புரட்டினார்கள், முடியைச் சோதித்தார்கள். நிக்கல்சனின் நோய்க்குக் கௌரவமான பெயர் தேடி இப்படி ஒரு படை புறப்படவில்லை. பெயரை மாற்றாமலே நோயாளியை மதிக்க நாம் கற்றுக்கொண்டால், இருவருக்கும் செய்யத் தவறிய நீதியை இனி வருவோருக்குச் செய்தவர்கள் ஆவோம்.