ஃபோலின் பார்த்த நிறம்

ஆய்வகத்தில், தசையிலிருந்து வரும் கழிவுப்பொருளான கிரியேட்டினினை அளக்கும்போதெல்லாம் எனக்கு உயிர்வேதியியலாளர் ஓட்டோ ஃபோலின் நினைவு வரும். காரம் சேர்ந்த பிக்ரிக் அமிலத்தில் கிரியேட்டினின் செம்மஞ்சளாகும் என்று 1886-லேயே யாஃபே சொல்லிவிட்டார். அந்த நிறத்தை அளவாக மாற்றியவர் ஃபோலின்தான். 1904-ல், மாசசூசெட்ஸில் ஒரு மனநல மருத்துவமனையில்.

அவர் செய்முறையை வாசித்தாலே எனக்குக் கை பரபரக்கும். 10 மில்லி சிறுநீர், 15 மில்லி பிக்ரிக் அமிலம், 5 மில்லி காரம். ஐந்து நிமிடம் பொறுத்து, 500 மில்லி வரை தண்ணீர் விட வேண்டும். இரண்டு கரைசல்களின் நிறத்தை ஒப்பிடும் டுபாஸ்க் கருவியின் ஒரு கிண்ணத்தில் இந்தக் கரைசல். மறு கிண்ணத்தில் பொட்டாசியம் டைகுரோமேட், 8 மில்லிமீட்டர் ஆழத்தில். கண்ணாடித் தண்டை ஏற்றி இறக்கி, இரண்டு அரைவட்டங்களும் ஒரே நிறமாகும் இடத்தில் அளவுகோலைப் படிக்க வேண்டும். ஒளியை உணரும் உறுப்பு மனிதக் கண்தான்.

1941-ல் பெக்மன் நிறமாலைமானி வந்தது. கண்ணின் வேலையை ஒளிமின்கலம் ஏற்றது. இன்று எங்கள் இயந்திரம் 500 நானோமீட்டரை ஒட்டி அதே நிறத்தைத்தான் அளக்கிறது.

இறைச்சியில்லா உணவில் ஒருவரின் தினசரி கிரியேட்டினின் பெரிதாக மாறுவதில்லை என்று 1905-ல் ஃபோலின் காட்டினார். கருவியைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த நிலைத்தன்மையை நம்பியே சர்க்கரை நோயாளியின் சிறுநீர் அல்புமினை இன்றும் கிரியேட்டினினால் வகுத்துத்தான் அறிக்கை எழுதுகிறோம்.